ஒன்று தட்டினால் நில், இரண்டு தட்டினால் வா

டீ நன்றாக இருக்கிறது ஐயா, இஞ்சிதான் கொஞ்சம் தூக்கல். டெல்லி போலீஸ் ஸ்டேஷனில் தமிழ் பேசுகிற அதிகாரி கிடைப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. மனசு நேற்றிலிருந்து பஞ்சாகப் பறக்கிறது. நடுவில் சிரித்துவிட்டால் தப்பாக நினைக்காதீர்கள். லாரியை நேராகப் பின்னால் எடுக்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்தச் சந்தோஷம் புரியும்.

கற்றுக்கொடுத்தவர் ரத்தினவேல். மதுரைப் பக்கம்; பட்டாளத்தில் லடாக் மலையெல்லாம் வண்டி ஓட்டியவர். அவர் லாரியில் நான் கிளீனர். குருவை இங்கே கூப்பிடுகிற மாதிரி அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் தவறி அண்ணே என்றால் முதுகில் ஒன்று விழும். பையன் தேறிவிட்டான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால்தான் முதலாளி என்னை லைசென்ஸ் டெஸ்டுக்கு அனுப்புவார். அந்த ஒரு வார்த்தைக்காக, நம் ஊர் ஜனங்கள் குடியிருக்கும் மதராசி கேம்ப் குழாயடியில் பெண்களோடு நின்று அவர் துணியெல்லாம் துவைத்தேன்.

நான் ரிவர்ஸ் எடுக்கும்போது வலதுபக்கப் பின்மூலையில் நின்று லாரிப் பலகையைத் தட்டுவார். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"கண்ணாடி தல சீவுறதுக்குடா அழகரு. வண்டிக்கு என் கைதான் கண்ணு. ஒண்ணு தட்டுனா நில்லு, ரெண்டு தட்டுனா வா. சம்ஜா?"

சுவர் வந்துவிடுமோ என்று பயந்து நானாக நிறுத்தினால், ஏறி வந்து ஸ்பானரால் விரல் முட்டியில் போடுவார். இந்த இரண்டு விரல் மடங்காதது அதனால்தான். அடியாத மாடு படியாது என்பார். நான் நன்றாகவே படிந்தேன்.

நேற்றுக் காலை ஓக்லா பக்கம் ஒரு கிடங்கில் சரக்கு இறக்கப் போனோம். முதலாளியிடம் உன்னைப் பற்றிப் பேசியாயிற்று என்றார். சந்தோஷத்தில் காலைத் தொடக் குனிந்தேன்.

"எந்திரிடா. இவன் சாகுற வரைக்கும் கிளீனர்தான்னு சொல்லிட்டேன். போய் வண்டிய அந்த மூலையில போடு."

போட்டேன் ஐயா. பின்னாலும் சுவர், பக்கத்திலும் சுவர். நூல் பிடித்த மாதிரி போனது வண்டி. அப்படியொரு ரிவர்ஸ் நான் எடுத்ததே இல்லை. ஒன்று தட்டினார். பிரேக்கில் கால் வைப்பதற்குள் இன்னொன்று. இரண்டென்றால் வா, வந்தேன். அப்புறம் மடமடவென்று தட்டினார், நான் இரண்டிரண்டாகவே எண்ணிக்கொண்டேன். கத்தவும் செய்தார். கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கடைசியில் ஒரே ஒரு தட்டு, மெதுவாகக் கேட்டது. காத்திருந்தேன், அடுத்தது வரவில்லை. உடனே நிறுத்திவிட்டேன்.

இதில் என் தப்பு ஒன்றுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் முதலிலிருந்து கடைசி வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.