மொம்பாசாக் கொப்பிகள்

ஓடுகிறோம். 1987, ஐப்பசி, யாழ்ப்பாணம். செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால். தூரத்தில் ‘டும்’ என்று ஒரு சத்தம். பிறகு தலைக்கு மேலே விசில். நான் எண்ணுவேன். பன்னிரண்டுக்குள் விழும்.

மனைவியும் மகளும் ஒழுங்கையைத் தாண்டிவிட்டார்கள். நான் வாசல் படலையடியில் நிற்கிறேன். மனைவியின் தமையன் சிவலிங்கம் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வருகிறார். கையில் துணிப் பை. காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், நகை. ஷெல் அடித்தால் எங்கள் ஆட்கள் முதலில் தூக்குவது அந்தப் பையைத்தான். அவரும் அதைத்தான் தூக்கினார். நான் கத்தினேன்.

“அது இல்லை மச்சான்! கொப்பிப் பை!”

பையை என்னிடம் எறிந்துவிட்டுத் திரும்பி வீட்டுக்குள் ஓடினார். விசில். ஒன்பதுக்கு மேல் நான் எண்ணவில்லை. வீடு நின்ற இடத்தில் புழுதி.

கொப்பிகளில், அந்தப் பதினொரு நோட்டுகளில், இருந்தது என் நாவல். வெள்ளைக்காரன் ஆபிரிக்காவை ஆண்ட காலம். மொம்பாசாவில் ரயில் பாதை போடப்போன யாழ்ப்பாணத்தான் ஒருவன், தந்தம் திருடும் துரையிடமிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடுகிறான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆபிரிக்காவைக் கண்டதுமில்லை. ஆனால் அப்படி ஒரு கதையை எங்கள் பகுதியில் எந்தப் படித்தவனும் கட்டவில்லை. நெஞ்சைத் தட்டிச் சொல்வேன். நான் சொல்லச் சொல்ல எழுதியவர் மச்சான். தபால் கந்தோரில் கிளாக்கர். ஷெல் விழுந்ததற்கு முதல்நாள் பின்னேரம் கடைசிக் கொப்பியை மூடிவிட்டுச் சிரித்தார்.

“உம்மட ஆள் வாயால ஏசியே துரையை விழுத்துறான். ஆர் நம்புவான்? முடிவை நான் மாத்திப்போட்டன். நாளைக்கு வாசிச்சுக் காட்டுறன்.”

எனக்குக் கோபம். என் கதையில் கை வைக்க இவர் யார்? அதைப் பார்க்கத்தான் அந்தப் பையைக் கேட்டேன்.

இப்போது 1994. வெள்ளைக்காரன் நாட்டில், ஃபாரஸ்ட் கேட்டில் எனக்குச் சொந்தக் கடை. மூட்டை தூக்கித் தொடங்கியவன் நான். எவனிடமும் கை நீட்டவில்லை. இந்த ஒரு கதைதான் என்னை மடக்கிவிட்டது. கசெற்றில் பேசிப் பதிகிறேன். கதை கடைசிக் கட்டமான ஆற்றங்கரை வரை வருகிறது. துரை துவக்கைக் குறிபார்த்து நீட்டிக்கொண்டு நிற்கிறான். அதோடு நின்றுவிடுகிறது. என் பழைய முடிவைச் சொல்ல வாய் வருவதில்லை. மச்சானின் முடிவு தெரியாது. சின்ன வயதில் இங்கு வந்த மகளுக்குத் தமிழ் எழுத வராது. வால்தம்ஸ்டோவில் அச்சகம் வைத்திருப்பவர் கசெற்றைத் திருப்பித் தந்தார்.

“அண்ணை, சிங்கக் கதை ஆருக்கு வேணும்? ஷெல்லடியை எழுதுங்கோ.”

எழுத்துக் கூட்டி எழுதிவிட்டேன். இழந்தவை: கொப்பி பதினொன்று. வீடு ஒன்று, அதன் உறுதி மட்டும் கடை மேசை லாச்சிக்குள் பத்திரமாகக் கிடக்கிறது. ஆற்றங்கரையில் இன்னும் நிற்கிற யாழ்ப்பாணத்தான் ஒருவன். சிவலிங்கம், வயது நாற்பத்தாறு.