மூன்று முறை விழுந்த ஆறு

மாயாபந்தரில் செங்கல் சுமக்கும் வேலையை விட்டுவிட்டு நடந்தவன், வழியில் கை காட்டி நிறுத்தி போர்ட் பிளேர் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஒரே ஆபீஸைச் சேர்ந்த இரண்டு பெண்கள்.

"மூணு தடவையும் உங்களுக்கே எப்படிக்கா ஆறு விழுந்துச்சு?" என்றாள் இளையவள்.

நியூ இயருக்கு ஆளுக்கொரு பரிசைப் பொட்டலம் கட்டி வைத்து, டம்ளரில் டைஸைக் குலுக்கி விளையாடியிருக்கிறார்கள். ஆறு விழுந்தால் யார் கையில் இருப்பதையும் பறித்துக்கொள்ளலாம். ஆட்டத்தை நடத்தியது மூத்தவள்.

"விழுந்துச்சு. நான் என்ன பண்ண?"

"டம்ளரைத் திறந்து நம்பர் சொன்னது நீங்கதானே. தமிழ்ப் பேப்பர் சுத்துன அந்தப் பொட்டலத்தை மத்தவங்க பிடுங்கப் பிடுங்க, நீங்க திரும்பப் பிடுங்கினீங்க. மெயின்லேண்ட்லேருந்து வந்த நல்ல சாமான்னு தெரிஞ்சுதானே?"

மூத்தவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அது நான் வச்சதுடி. கப்பல்ல வந்த ரெண்டு பார்சலும் ஒரே பேப்பர். பரிசுக்கு வாங்குன டிபன் பாக்ஸை வீட்ல விட்டுட்டு, மகளோட முகூர்த்தப் புடவையைக் கொண்டாந்து வச்சுட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, நல்ல சாமானை வச்சுட்டு இப்ப மனசு வரலைன்னு நீயே முதல்ல பேசியிருப்ப."

"அப்ப அந்த ஆறு?"

"முதல் தடவை நிஜமாவே விழுந்துச்சு."

இளையவள் சிரிக்கவில்லை. "டீக் ஹை, சரிக்கா. பொண்ணு அந்தப் புடவையைக் கட்டட்டும், அப்புறம் நம்புறேன்."

"வந்து பாரு. டெய்ரி ஃபார்ம் ஏரியாவுல நம்ம வீட்லதான் கல்யாணம். பந்தல் போடத்தான் இன்னும் ஆள் கிடைக்கலை."

மறுநாள் காலை டெய்ரி ஃபார்மில் கல்யாண வீட்டை விசாரித்துப் போய், பந்தல் வேலைக்குச் சேர்ந்தேன்.