எங்கள் ஐயாவின் தாடை

தேத்தண்ணீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது சேர். பரவாயில்லை, எனக்கு இனிப்பு பிடிக்கும். மூலையில் இருந்து எழுதுகிற தங்கச்சிக்கும் ஒரு கோப்பை கொடுங்கள், பாவம், நான் வாய் ஓயாமல் கதைக்கிற ஆள். என்ன வடிவான கன்ன எலும்பு அந்தப் பிள்ளைக்கு. அதில் நான் கை வைக்கவே தேவையில்லை.

பொலிஸ் நிலையத்தில் சிரிக்கக்கூடாது என்று தெரியும். ஆனால் கலியாண வீடென்றால் என் கால் நிலத்தில் படாது, அந்தப் புளுகம், அந்தச் சந்தோசம் இன்னும் இறங்கவில்லை. கிளிநொச்சியில் மணப்பெண் அலங்காரத்துக்கு ஜெகதீஸ்வரி என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளையும் கடையைக் காட்டும். என் கை பட்ட பெண்ணை மணவறையில் மாப்பிள்ளையே அடையாளம் தெரியாமல் முழித்திருக்கிறான். அதற்கு முன்னர் வவுனியாவில் ஒரு பல் வைத்தியருக்கு உதவியாளராக இருந்தேன். விறைப்பு ஊசி போடுவது, பல்லடி முரசைக் கீறுவது, எலும்பை மட்டப்படுத்துவது எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஒன்றும் தெரியாமல் இறங்கிய ஆள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சுதாஜினி என் தங்கச்சி இலட்சுமியின் மகள். இரணைமடு வாய்க்காலோரம் அவர்களுக்கு வயலும் வீடும். எங்கள் ஐயா பொன்னையாவுக்குச் சதுரமான பெரிய தாடை. ஐயாவுக்கு அது எடுப்பு. அந்தத் தாடை இலட்சுமியை விட்டுவிட்டு எனக்கு வந்தது, பிறகு அவளுடைய மகளுக்குப் போனது. "பெரியம்மாவை உரிச்சு வைச்ச மாதிரி" என்று ஊரே சொல்லும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மனிசி, குசினிக்குள் நின்ற எனக்குக் கேட்கத்தக்கதாக, "பொம்பிளைக்கு ஆம்பிளை முகம்" என்று சொல்லிவிட்டுப் போனா. அதற்குப் பிறகு வந்தவர்களும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கலியாணம் நடக்காததற்குக் காரணம் அந்தத் தாடை. வேறு ஒன்றும் இல்லை. அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அப்படியிருக்க, சுதாஜினிக்குக் கனடாவில் இருந்து மாப்பிள்ளை பொருந்தியது. நிருஷன் என்று நல்ல பொடியன். எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஸ்ரூடியோவில் சொல்லி, அனுப்புகிற படத்தில் அவளுடைய தாடையை ஒடுக்குவித்ததே நான்தான். படத்தில் என்ன அழகு. அந்த முகத்தையே அவளுக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. வெளிநாடுகளில் தாடை எலும்பைச் சீவி, முகத்தை வெற்றிலை வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வாய்க்குள்ளால் செய்வதால் வெளியில் ஒரு கீறலும் தெரியாது. வீடியோக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? தாலிக்குப் பொன்னுருக்கி விட்டால், கலியாணம் வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. பெண் வாசல் படலை தாண்டக்கூடாது. அறைக்குள் அவளோடு இருக்கக்கூடியவள் அலங்காரம் செய்கிற பெரியம்மாதான். எவ்வளவு நல்ல ஏற்பாடு, பாருங்கள். முகம் வீங்கும் என்று யோசித்தேன். அது வற்ற அந்த நாட்கள் போதும் என்று நினைத்ததுதான் என் பிழை.

அதற்குப் பலகாரச் சூட்டு நாளைத் தெரிந்தெடுத்தேன். குசினியில் பெண்கள் கூடி முறுக்கும் பயற்றம் பணியாரமும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கதையும் பகிடியுமாய் வீடு அதிர்ந்தது. முகம் பளிச்சிட நல்ல நித்திரை வேண்டும் என்று சுதாஜினிக்குக் குளிசை கொடுத்தேன். "பெரியம்மா, நான் எழும்பேக்கை தேவதை மாதிரி இருப்பனோ?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள்.

நகம் தேய்க்கிற மெஷின் ஒன்று கடையில் இருக்கிறது. அதன் முனைகளைக் கொதிநீரில் அவித்தேன். சுத்தத்தில் என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது. விறைப்பு ஊசி போட்டு, இடது பக்க முரசைக் கீறி, எலும்பைக் கண்டேன். பயற்றம்மாப் போல மெல்லிய தூள் வந்தது. எனக்குப் பாட்டு வந்தது சேர். ஐயாவின் தாடை என் கையில் கரைந்துகொண்டிருந்தது, நான் பாடிக்கொண்டிருந்தேன்.

இலட்சுமி குசினியில் இருந்து கத்தினாள்: "அக்கா, உங்கடை புளுகத்தைப் பாத்தா, கலியாணம் உங்களுக்கெண்டெல்லோ நினைப்பினம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை ஆடிவிட்டது.

முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு இரத்தம். வரும் என்று தெரியும், அவ்வளவு வரும் என்று தெரியாது. கட்டிலில் கிடந்த கலியாணச் சேலையை முதலில் எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். அதன் பிறகுதான் இரத்தம் ஒற்றத் துவாயைத் தேடினேன். இதை எல்லாரும் பிழையாகச் சொல்கிறார்கள், சேலை வீணாகியிருந்தால் யாரை ஏசியிருப்பார்கள்?

அவள் விழித்துவிட்டாள். கத்த அவளுக்கு வாய் வரவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், நான்தான் காப்பாற்றுவேன் என்பது போல. "கொஞ்சம் பொறு பிள்ளை, மற்றப் பக்கமும் கிடக்கு" என்றேன். அந்த நேரம் இலட்சுமி, எங்களுக்கு ருசி பார்க்கப் பணியாரத் தட்டோடு உள்ளே வந்தாள்.

தாடை இரண்டாக உடைந்ததாம். கம்பியால் கட்டியிருக்கிறார்களாம். கீழ் உதட்டில் உணர்ச்சி இல்லை, இனி வராதாம். எச்சில் வழிந்தாலும் அவளுக்குத் தெரியாதாம். முகூர்த்த நாளும் போய்விட்டது. இந்த எழுதுகிற தங்கச்சிதான் சொன்னா, நிருஷன் வழக்கத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கட்டிலோடு இருக்கிறானாம். குழாயால் கஞ்சி பருக்குகிறானாம். "எந்த முகமெண்டாலும் அவதான் எனக்கு" என்று மாமியிடம் சொன்னானாம்.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். பொன்னுருக்குக்கு முந்தின நாள் சுதாஜினி தன் போனை என் காதில் வைத்து, நிருஷன் பேசி அனுப்பிய குரலைக் கேட்கவைத்தாள். "படத்திலை உம்மடை தாடையை ஆரோ ஒடுக்கிப்போட்டாங்கள். எனக்கு அந்தத் தாடைதான் விருப்பம். வயலுக்குள்ளை நிண்டு சிரிச்ச பழைய படத்தை அனுப்பும்." அவள் வெட்கத்தில் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவளுடைய தாடையைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முடிவெடுத்தேன்.

தங்கச்சி, அவளை அழகாக்கத்தான் செய்தேன் என்று தொடக்கத்தில் ஏதும் எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள். அந்தத் தாடை இருக்கவே கூடாது என்றுதான் செய்தேன்.

நீங்களே சொல்லுங்கள் சேர். அந்தத் தாடையில் ஒரு குறையும் இல்லையென்றால், பிறகு என்னிடம் என்னதான் குறை?