ஒன்று விழ வேண்டும்

“எல்லாரும் ஆறு விழ வேணுமெண்டு எறிவாங்க. நான் ஒண்டு விழ வேணுமெண்டு எறிஞ்சனான்.”

உள்துறைமுக வீதியில் கிண்ணியா பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்து வாங்குப் பலகையிலிருந்து இது கேட்டது. சொன்னவருக்கு அறுபது வயதிருக்கும். அவரோடு இருந்தவர் கொஞ்சம் இளையவர்; அண்ணன் முறை வைத்து அவரை ‘நானா’ என்றழைத்தார்.

“கவுன்சிலிங்குக்குப் போய் தாயம் விளையாடினீங்களா நானா?”

“தாயம் இல்ல. மிஸ் ஒரு கதை சொல்லுவா. அதுக்குள்ள விளையாடுற ஆள் நான் ஒருத்தன்தான். அடுத்து என்ன செய்யிறன் எண்டு நான் சொல்லோணும். அது சரிவருமா எண்டு கட்டையை எறிஞ்சு பாக்கிற. நேத்து, நான் கலியாணம் முடிச்ச புதுசில ஊருக்குப் போற கதை. பாலத்தால போறீங்க எண்டு மிஸ் தொடங்கினா. அப்ப ஏது மிஸ் பாலம், பாதைதானே எண்டன்.”

ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்த்த மிதவையைத்தான் பாதை என்றார். பாலம் வந்ததோடு அது நின்றுபோனது.

“ஆறு விழுந்தா பாதை உடனே வரும். ஒண்டு விழுந்தா பிந்தும்.”

“பிந்தினா உங்களுக்கு என்ன லாபம்?”

“பக்கத்தில அவ நிக்கிறாவே. கச்சான் கொறிச்சுக்கொண்டு, ஓயாமக் கதைச்சுக்கொண்டு. அவ மவுத்தாகி அடக்கின பிறகு நேத்துத்தான் அவட குரல் எனக்குக் கேட்டது.”

“ஒண்டு விழுந்திச்சா?”

“ரெண்டு தரம் விழுந்தது. மூண்டாந்தரம் ஆறு.”

பஸ் வந்து நின்றது. இளையவர் படியில் கால் வைத்துத் திரும்பினார்.

“ஏறுங்க நானா.”

“நீங்க போங்க தம்பி. நான் அடுத்ததில வாறன்.”