இருபதாவது டியூப்

செக்கர்: கிளம்பிடாதீங்கண்ணே, ஒரு நிமிஷம்.

ஒட்டுறவர்: பஸ் போயிரும்மா. நாளைக்குப் பேசலாமே...

செக்கர்: நாளைக்கு மேனேஜர் முன்னாடி பேசணும். அதான் இன்னைக்கே உங்களைப் பிடிச்சேன்.

ஒட்டுறவர்: பெரிய ஆளாயிட்ட. நம்ம டிரிப்ஸ் டியூப்ல ஒண்ணுகூட ஆறு மாசமா ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வரலையாம். உனக்குத்தானே பாராட்டு? டியூப் ஒட்டுற எனக்கு அங்க என்ன வேலை?

செக்கர்: இருக்கு. அந்த ஆறு மாசத்துக்கு முன்னாடி என்னை வேலையை விட்டு அனுப்பப் பாத்தாங்களே... ஞாபகம் இருக்கா?

ஒட்டுறவர்: பெட்டி பெட்டியா திரும்பி வந்துச்சே. மறக்குமா?

செக்கர்: நான் பாத்ததெல்லாம் நல்லாத்தாண்ணே இருந்துச்சு. சொன்னபடி ஒவ்வொரு இருபதாவது டியூபையும் எடுத்து, தண்ணி விட்டுப் பாத்தேன். ஒண்ணும் ஒழுகல. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனா...

ஒட்டுறவர்: உன் கண்ணுலதான் கோளாறுன்னு பேசிக்கிட்டோம்.

செக்கர்: நீங்களுமா?

ஒட்டுறவர்: ...கூடச் சேந்து சிரிச்சேன்.

செக்கர்: போகட்டும். அப்பதான் என் டிபன் பாக்ஸ் மேல ஒரு சீட்டு இருந்துச்சு. "நீ எடுக்கிற இருபதாவதை மட்டும் பாத்துப் பாத்து ஒட்டுறாங்க. எண்ணாத. கண்ணை மூடிக்கிட்டு எடு."

ஒட்டுறவர்: எவனோ விவரமானவன்.

செக்கர்: கண்ணை மூடி எடுத்தேன். பத்துல ரெண்டு ஒழுகுச்சு. அப்புறந்தானே அவசரத்துல பசை காயலைன்னே புரிஞ்சுது? காயறதுக்கு நேரம் கொடுத்தாங்க. மணிக்கு இத்தனைன்னு விரட்டுறதும் நின்னுச்சு.

ஒட்டுறவர்: அதுக்கு நாங்கதாம்மா உனக்கு நன்றி சொல்லணும். என் முதுகு நிமிர்ந்ததே அதுக்கப்புறந்தான்.

செக்கர்: எனக்கில்ல. சீட்டு எழுதின புண்ணியவானுக்கு. என் வேலை போயிருந்தா என் ரெண்டு பிள்ளைங்களும் நடுத்தெருவுலண்ணே. தினமும் அவரை நினைச்சுக்கிட்டுத்தான் உள்ள வர்றேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் அவரை எழுப்பி நிக்க வைக்கப்போறேன்.

ஒட்டுறவர்: ஆள் யாருன்னே தெரியாம எப்படி...

செக்கர்: ஆபீஸ்ல உங்க பழைய லீவு லெட்டரைப் பாத்தேன். அண்ணி ஆஸ்பத்திரியில இருந்தப்ப எழுதினது. அதே கையெழுத்து. கோழி கிறுக்கின மாதிரி அப்படி ஒரு எழுத்தை வேற யாரு எழுதுவா?

ஒட்டுறவர்: பேரைச் சொல்லாதம்மா.

செக்கர்: வெக்கமா? பரவால்ல, கைதட்டினா ஓடிப்போயிடும்.

ஒட்டுறவர்: விளையாட்டில்ல. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்... வேணாம்.

செக்கர்: என்னண்ணே இது, கையை இறக்குங்க. எனக்குச் சோறு போட்டவரு நீங்க. நல்லது செஞ்சவரு எதுக்கு ஒளியணும்?

ஒட்டுறவர்: உங்க அண்ணிக்கு ஏத்தின டியூப் ஒழுகுச்சும்மா. மருந்து பூரா மெத்தையில. அங்க இருந்த நர்ஸு சட்டுனு பாத்து மாத்தினதால பிழைச்சா. நாளைக்கு நிக்க வைக்கணும்னா அந்தப் பொண்ணை நிக்க வை. டியூப் வந்த கவரை எடுத்துப் பாத்தேன்... என் மேசை நம்பர். நான் ஒட்டினதுல பத்தொன்பதாவதோ, இருபத்தொண்ணாவதோ.