புதன்கிழமை போன்

தேவிகுளத்திலிருந்து போடிமெட்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர்.

“நான் சேந்திருந்த மூட்டுவலி மருந்து ஆராய்ச்சிய நிப்பாட்டிட்டாங்க புள்ள. இனி வலிச்சு என்ன பிரயோசனம்?” என்றார் மூத்தவர்.

“ஏங்க்கா நிப்பாட்டுனாங்க?”

“ஆராய்ச்சி நடத்துன டாக்டருக்கு அந்த மருந்துக் கம்பெனியில பங்கு இருக்காம். மறைச்சிருக்காரு. ஆஸ்பத்திரி கமிட்டி கண்டுபிடிச்சிருச்சு.”

“அப்ப நல்லதுதானக்கா. நம்ம உடம்ப வச்சுல்ல சம்பாதிக்கப் பாத்திருக்காரு.”

“நல்லதுதான். ஆனா புதங்கிழமையானா அந்த ஆராய்ச்சி நர்சம்மா போன் பண்ணி, ‘ராத்திரி தூங்குனீங்களாம்மா’ன்னு கேப்பாங்க. எம் மகன்கூட கேட்டதில்ல. நம்ம லயத்து வீட்டுல டவர் கிடைக்காது. அந்தா வருதே தண்ணித்தொட்டி வளைவு, அங்க வந்து நிப்பேன்.”

“இன்னைக்கும் புதன்தானக்கா.”

மூத்தவர் பையிலிருந்து போனை எடுத்து, பஸ் அந்த வளைவைத் தாண்டும்வரை கையிலேயே வைத்திருந்தார்.