திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டிய கார்

மலைச்சரிவில் வேனை நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டை கொடுக்க வேண்டும். மீட்புப் படையினர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். "இன்னொரு கயிறு, சீக்கிரம்" என்று கீழேயிருந்து ஒருவர் கத்தினார். நான் கட்டையைக் காலால் ஒரு தட்டு தட்டி இறுக்கினேன். பிறகு சிவப்பு முக்கோணத்தை எடுத்துப்போய் வளைவுக்கு முன்னால் வைத்தேன். பின்னால் வருகிறவன் எவனாவது தெரியாமல் வந்து மோதிவிடக் கூடாது. பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள்.

கீழே கிடந்தது என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதற்குள் என் மனைவியின் தம்பி ஸாவென்.

உங்கள் காவலர் ஒருவர் என் தோளில் கை வைத்து, "உக்காருங்க சார். உங்களால இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். இன்று காலை நீங்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னீர்கள், டிடெக்டிவ் மேடம். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. என் வக்கீல் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டும் நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். ரெக்கார்டர் ஓடுகிறதா? நல்லது.

நான் கிளெண்டேலில் டைல்ஸ் பதிப்பவன். கரோ பதித்த குளியலறையில் தண்ணீர் தேங்காது என்று எங்கள் ஆர்மீனியர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். இருபது வருஷத்துக்கு மேல் முழங்காலில் நின்று வேலை பார்த்தவன், ஐம்பது தாண்டியபின் ஒரு ஆசைக்கு அந்தக் காரை வாங்கினேன். புத்தம் புதியது. பாதிரியார் வந்து எண்ணெய் தொட்டு ஜெபித்தார். ஸாவென்தான் முதலில் உட்கார்ந்து பார்த்தான். "மாப்ளே, இது உனக்கு வண்டியில்ல. ரெண்டாங் கல்யாணம்" என்றான். எல்லாரும் சிரித்தோம். அவன் அப்படித்தான், கெட்டவன் இல்லை. நான் தொழில் தொடங்கிய காலத்தில் கூலி கேட்காமல் சிமெண்ட் மூட்டை சுமந்தவன்.

போன ஆண்டு கோடையில் ஏஞ்சலஸ் க்ரெஸ்ட் மலைப்பாதையில் இறங்கும்போது முதல் தடவை நடந்தது. பிரேக் பெடல் கல்லானது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செங்கல்லை மிதிப்பது போல இருந்தது, ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. ஓரத்தில் சரளைக்கல் மேடு ஒன்று இருந்தது, அதில் ஏற்றி நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துத் திரும்பப் போட்டால், பெடல் சொன்னபடி கேட்கிற குழந்தை மாதிரி இறங்குகிறது. டாஷ்போர்டில் ஒரு விளக்கு கூட எரியவில்லை.

காரை வாங்கிய இடத்திலேயே விட்டேன். அங்கே சர்வீஸ் பார்க்கும் டெரிக் என்பவர் ஒரு வாரம் வைத்திருந்து, டவுன் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வெண்ணெய் மாதிரி நிக்குது சார். எங்களுக்கு ஒரு தடவைகூட வரல. வராத நோய்க்கு நாங்க என்ன மருந்து குடுக்கறது?"

நஸெலி, என் மனைவி, மதாக் கொடுக்க வேண்டும் என்றாள். உயிர் தப்பினால் எங்களில் அது வழக்கம். ஆட்டுக்குட்டி அறுத்து, உப்பு மட்டும் போட்டு வேகவைத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் பங்கு கொடுப்போம். சர்ச் முற்றத்தில் மேஜை போட்டிருந்தோம். ஸாவென் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"எல்லாரும் கேளுங்க. மாப்ளைக்கு ஒண்ணும் ஆகல. காருக்கு ஒண்ணும் ஆகலன்னு கம்பெனியே எழுதிக் குடுத்துடுச்சு. அப்ப இன்னிக்கு நிஜமாவே போய்ச் சேர்ந்தது யாரு? இந்த ஆடுதான். பாவம், அது பிரேக்கே போடல."

முற்றமே சிரித்தது. நான் நஸெலியைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

நான் கோபப்படவில்லை. கோபத்தில் எதுவும் செய்கிற ஆள் இல்லை நான். அதை நீங்கள் குறித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது தடவையும் அதே மலை இறக்கம். அந்த முறை பாறையில் பக்கவாட்டில் உரசி நிறுத்தினேன். டெரிக் உரசலைத் தடவிப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க சார். ஷூ ஏதாவது பெடலுக்கு அடியில மாட்டியிருக்குமோ? இந்த மாதிரி வேகமான வண்டி ஓட்டி முன்ன பழக்கம் உண்டா?" அந்தக் கேள்வி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் காபிக்கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நார்தி ஆடுகிற மேஜையில் நான் தாயத்தை உருட்டும்போதெல்லாம் யாராவது ஒருவர், "பாத்து கரோ, ஷூ மாட்டிக்கப் போவுது" என்பார்கள்.

அப்போதுதான் தாலினிடம் போனேன். வக்கீல், எங்கள் தெருக்காரப் பெண். பழுதான புதுக் காரைக் கம்பெனியே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கலிபோர்னியாவில் ஒரு சட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். எலுமிச்சைச் சட்டம் என்று ஏன் பெயர் வைத்தார்களோ. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். காரைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டால் பழுது இருந்தது என்று ஆகிவிடும். கரோவுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடும்.

தாலின் எல்லாவற்றையும் கேட்டாள்.

"அண்ணே, சாதாரணப் பழுதுன்னா நாலு தடவையாவது சரிபண்ணச் சொல்லிக் குடுத்திருக்கணும். உயிருக்கே உலை வைக்கற பழுதுன்னா ரெண்டு தடவை போதும். நீங்க ரெண்டு தடவை குடுத்தாச்சு."

"பிரேக் பிடிக்கலேம்மா. இதைவிட உயிருக்கு ஆபத்து என்ன வேணும்?"

"எனக்குப் புரியுது. ஆனா அவங்க பேப்பர்ல பழுதுன்னே ஒண்ணு இல்லையே. சொல்றது நீங்க ஒருத்தர்தான். வேற யாராவது ஓட்டறப்ப வந்திருக்கா? அடுத்த ஆளு கைல நடந்து, அதுக்கு வீடியோவும் இருந்தா, ஒரே வாரத்துல அவங்களை இறங்கி வர வெச்சிடுவேன்."

அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை. சட்டத்தைச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தவன் நான்.

அதற்குப் பிறகு மூன்றாவது தடவையும் நடந்தது. அதை நான் டெரிக்கிடம் சொல்லவில்லை. தாலினிடமும் சொல்லவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன், மேடம். வரிசையாகச் சொன்னால்தான் சரியாக விளங்கும்.

வேனின் முன்கண்ணாடியில் ஒரு கேமரா மாட்டினேன். பிறகு காபிக்கடையில் ஸாவெனின் எதிரில் போய் உட்கார்ந்தேன். ஜான் என்று கூப்பிட்டேன், எங்களில் அது செல்லமான சொல்.

"ஒரே ஒரு தடவை நீ ஓட்டு, ஸாவென் ஜான். மலைமேல ஏறி இறங்கு. நடந்தா, வக்கீல்கிட்ட வந்து உள்ளதைச் சொல்லு."

"நடக்கலைன்னா?"

"நடக்கலைன்னா நான் இந்தப் பேச்சையே விட்டுடறேன்."

அவன் ஆட்டத்தை நிறுத்தினான். சுற்றி இருந்தவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா ரொம்ப வருத்தப்படறா மாப்ளே. நீ ராத்திரியெல்லாம் தூங்கறதில்லையாமே. சரி, வர்றேன். உனக்காக. அப்புறம் இந்தப் பீடையை வித்துத் தொலைச்சிடு."

எல்லார் முன்னாலும் கேலி பேசுகிறவன் தனியாக அப்படிப் பேசினான். எனக்கு மனசு இளகியது. ஆனால் கவனியுங்கள், அப்போதும் அவன் என்னை நம்பவில்லை. நடக்காது என்று நினைத்ததால்தான் வந்தான்.

ஜூலை மாதம். வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. அவன் காரில் முன்னால், நான் வேனில் பின்னால். மேலே போய் நிழலில் நிறுத்தி, ஃபிளாஸ்கில் கொண்டுபோன காபியைக் குடித்தோம். கார் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு அவன் குழந்தை மாதிரி சிரித்தான். "என்ன வண்டிடா சாமி. ஏத்தத்துல பறக்குது. இதைப் போய்க் கொறை சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

நான் கார் ஜன்னல் வழியாக உள்ளே குனிந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சீட் பெல்ட் போடச் சொன்னேன். போட்டான்.

இறங்கும்போது அவனே எனக்கு போன் செய்தான். கார் ஸ்பீக்கரிலிருந்து என் வேன் ஸ்பீக்கருக்கு. முதல் வளைவு. "பிடிக்குது மாப்ளே." இரண்டாவது வளைவு. "ஐயோ, இங்கயும் பிடிக்குது. போச்சு, உன் கேஸ் போச்சு." பிறகு ஏதோ பாட்டை முணுமுணுத்தான். பாட்டு பாதியில் நின்றது.

வேன் கேமரா சத்தத்தையும் பிடிக்கும் என்பதால் மீதியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். "மாப்ளே, பெடல் இறங்கல. நெசமாத்தான் சொல்றேன், இறங்கவே இல்ல. உனக்கு ரெண்டு தடவை வந்திருக்கே, என்ன பண்ணணும்? சொல்லு, என்ன பண்ணணும்?" அவன் அதை நாலைந்து தடவை கேட்டான். நான் சொன்னது, "பயப்படாதே ஸாவென் ஜான், நான் பின்னாடியேதான் வர்றேன்." படம் நன்றாக வந்திருக்கிறது. பிரேக் விளக்கு எரிவது கூடத் தெளிவாகத் தெரிகிறது. மிதிக்கிறான், மிதிக்கிறான், வண்டி நிற்கவில்லை. அதைவிடச் சிறந்த ஆதாரம் எந்த வக்கீலுக்கும் கிடைக்காது.

அடக்கத்துக்குப் பிறகு நஸெலி அந்தப் பதிவைக் கேட்க வேண்டும் என்றாள். போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்ததும் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "கடைசியா அவன் காதுல உங்க குரலாவது விழுந்துச்சே. அதுக்கு மேல நீங்க என்ன செஞ்சிருக்க முடியும்?" என்றாள். அவளும் அதே வார்த்தை. நீங்கள் எல்லாரும் அதே வார்த்தை.

நான் அதோடு விட்டிருப்பேன். உண்மையாகவே விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் கம்பெனியின் எஞ்சினியர்கள் நொறுங்கிய காரைப் பரிசோதித்துவிட்டுப் பதில் அனுப்பினார்கள். பிரேக்கில் பழுது இல்லையாம். பழகாத ஆள், மலை இறக்கம், அதிக வேகம், ஓட்டியவரின் தவறு. காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

தாலின் அதைப் படித்துவிட்டு அழுதாள். "விட்டுடுங்கண்ணே. ஒரு உசிரே போயிடுச்சு. இனிமே கார் எதுக்கு?" என்றாள். படித்த பெண், அவளுக்கே புரியவில்லை. ஸாவென் ஓட்டத் தெரியாதவன் என்று எழுதியிருக்கிறார்கள். செத்தவனைப் பற்றிப் பொய். அதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வேன்?

அதனால்தான் வந்தேன். அந்தக் காரில் பழுது இருந்தது, மேடம். எங்கே தேட வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

மூன்றாவது தடவை நான் தனியாக இருந்தேன். வெயிலில் மலை ஏறி, ஏசியை உச்சத்தில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பெடல் கல்லானது. டயரில் ஏதோ சத்தம் வருகிற மாதிரி இருந்தது, காது கொடுத்துக் கேட்பதற்காக ஏசியை அணைத்தேன். பெடல் உடனே இறங்கியது. நம்ப முடியாமல் கீழே ஓர் ஏற்றமான இடமாகப் பார்த்துத் திரும்பவும் போட்டேன், கல். அணைத்தேன், பஞ்சு. அந்த ஒரு பொத்தான்தான். இரண்டுக்கும் மின்சாரம் போகிற ஏதோ ஒரு சின்ன ஒயர் சூட்டில் கெட்டுப்போகிறது போலிருக்கிறது. டெரிக்கிடம் சொல்லியிருந்தால் அரை நாளில் மாற்றிக் கொடுத்திருப்பார். மாற்றிவிட்டால் அது நல்ல கார். நல்ல காரை யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்?

மேலே நிழலில் நின்றபோது ஜன்னல் வழியாகக் குனிந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அப்போது ஏசியை உச்சத்துக்குத் திருப்பி வைத்தது நான்தான். "ஜில்லுனு இருக்கு மாப்ளே" என்றான்.

என்ன பண்ணணும், என்ன பண்ணணும் என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். ஏசியை அணை. இரண்டே வார்த்தை. அவன் கை எட்டுகிற தூரத்தில் அந்தப் பொத்தான் இருந்தது. சொல்ல நேரமும் இருந்தது, நீங்களே பதிவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள், மேடம். சொல்லியிருந்தால் பிரேக் பிடித்திருக்கும். பிடித்திருந்தால், அந்தக் காரில் அப்படி என்னதான் பழுது என்று நீங்களே என்னைக் கேட்டிருப்பீர்கள்.